புதுப்பிப்பு: பிரஸ்ஸில் தம்பியின் விரல்கள் போன விஷயம், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பணம் வந்துவிட்டது

இழப்பீடு கிடைக்காது என்று கம்பெனி சொன்னதால் என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: பவர் பிரஸ்ஸில் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) தகடு வைக்கும்போது தம்பிக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனதால் எதுவும் கிடைக்காது என்றது கம்பெனி. விபத்து அறிக்கையும் தரவில்லை.

வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். அங்கிருந்து கேட்ட பிறகு கம்பெனி அறிக்கையை அனுப்பியது. சிகிச்சைக் காலத்துக்கு சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வந்தது. மருத்துவச் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்கி வையுங்கள், அதை வைத்துத்தான் கணக்கு.

பிறகு, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மருத்துவ வாரியத்துக்குப் போனோம். ஒரே கையில் இரண்டு விரல் முழுதாகப் போனால் சட்ட அட்டவணையில் 20 சதவீத ஊனம், அதையே எழுதினார்கள். நாங்கள் எதிர்பார்க்காதது: தம்பி மறுபடி வேலைக்குப் போனாலும் நிரந்தர ஊனத்துக்கான மாதப் பணம் நிற்காது. இது தெரியாமல் அவன் வீட்டிலேயே இருக்க நினைத்தான்.

இன்னொன்று, விரல் துண்டானால் நேரடியாக ஐஸில் போடாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள்.