புதுப்பிப்பு: 1500 மீட்டர் ஓட்டத்தில் மூச்சு வாங்கும் பிரச்சினை, இப்போது 6 நிமிடம் 40 நொடி

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடுகிறேன் என்று நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு 6:40-ல் முடித்தேன்.

பலித்தது, "முதலில் மெதுவாக ஓடிப் பழகுங்கள்" என்ற யோசனைதான். தினமும் முழு வேகத்தில் ஓடியது என் தப்பு. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வாரம் நான்கு நாள், அரை மணி நேரம். ஒரே ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை நான்கு முறை வேகமாக, நடுவே 2 நிமிடம் நடை. வேலூர் வெயில் தெரியும்தானே, காலை ஐந்தரைக்கே கோட்டை மைதானத்துக்குப் போய்விடுவேன். ஆறு வாரம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை, விட்டுவிடாதீர்கள்.

வள்ளிமலை படி ஏறச் சொன்னவருக்கு: இறங்கும்போது முட்டி வலித்தது, நிறுத்திவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று. ஒருவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் 10.4, ஆண்களுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டுமாம். டாக்டர் காரணம் பார்த்து, பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது என்றார். நான் மூன்று வேளையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்!

அப்புறம், கடைசிச் சுற்றில் மனசு "போதும்" என்று சொல்லும். அப்போது முடிவுக்கோட்டை நினைக்காமல், அடுத்த வளைவு வரை மட்டும் என்று ஓடுகிறேன். இரவு படிக்க உட்காரும்போதும் இதே வழிதான், அடுத்த பக்கம் வரை.