விறாந்தை இல்லாத நகரத்தில் ஆர் எங்கை படுக்கிறது?

கொட்டடியான்:
பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஆஸ்பத்திரி வீதியிலும் இரவில் படுத்திருக்கிற ஆக்கள் கூடிப்போச்சினம். 2009க்கு முன்னம் யாழ்ப்பாண நகரத்தில் இப்பிடி ஒரு காட்சியே இல்லை. 2014இல் ரெயில் திரும்ப வந்தது, நெடுந்தூர பஸ்கள் இரவிரவாய் ஓடுது, வெளியூர்ச் சனம் வந்து சேருது. மாநகரசபை வாகனத்தில் ஏத்திக் கைதடி முதியோர் இல்லத்தில் விட்டால் சரி. இதுக்கு ஏன் இவ்வளவு யோசினை?

ஆவணிமழை:
அண்ணை, கண்ணுக்குத் தெரியேல்லை எண்டதுக்காக இருக்கேல்லை எண்டு சொல்லேலாது. போர்க்காலத்தில் இரவில் ஊரடங்கு. வீதியில் ஆர் படுப்பினம்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பின குடும்பங்கள் எத்தினையோ, மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேலே கொட்டிலில் கிடந்தினம். அவைக்கும் வீடில்லைத்தான். நாங்கள் அதை 'முகாம்' எண்டு சொல்லிப்போட்டு நகரக் கணக்கில் சேர்க்கேல்லை. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் குடுத்தாலும், காணி உள்ளவைக்குத்தான் அது உதவிச்சுது. காணியில்லாதவை அப்பிடியே நிண்டிட்டினம்.

மற்றது விறாந்தை. பழைய கடைகளுக்கு முன்னால் தூண் வைச்ச விறாந்தை இருந்தது. கடை பூட்டினாப் பிறகு ஒருத்தர் சாக்கை விரிச்சுப் படுத்தால் வீதியில் போறவைக்குத் தெரியாது, மழையும் படாது. இப்ப றோலர் ஷட்டர் நடைபாதை விளிம்பு வரைக்கும் வந்திட்டுது, மேலே விளக்கும் கமராவும். பத்து விறாந்தையில் பிரிஞ்சு படுத்த பத்துப்பேர் பஸ் நிலையக் கூரைக்குக் கீழே ஒண்டாய் வந்தால் கூட்டம் மாதிரித்தான் தெரியும். முந்தி வழிநெடுக மடமும் கிணறும் சுமைதாங்கியும் இருந்தது. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்னும் நிக்குது. போக்கிடமில்லாத வயசாளியள் சிலர் செல்வச்சந்நிதி மடங்களில் அன்னதானத்தை நம்பிக் கிடக்கினம். அவையை நகரத்து ஆக்கள் எண்ணுறதேயில்லை.

கொட்டடியான்:
விறாந்தை விளக்கம் நல்லாயிருக்கு. ஆனால் கூடேல்லை எண்டதுக்கு உங்களிட்டையும் கணக்கில்லையே.

பதிவேடு:
இருவரிடமும் கணக்கில்லை. எடுப்பது கடினமுமில்லை. நகரத்தை நாலு துண்டாகப் பிரியுங்கள்: பஸ் நிலையமும் சந்தையும், ஆஸ்பத்திரிச் சுற்று, ரெயில் நிலையம், கோயில் வீதிகள். துண்டுக்கு இரண்டு பேர், நாலு துண்டிலும் ஒரே இரவில், ஒரே நேரத்தில். இரவு 11 மணிக்கு முன் தொடங்கினால் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள். விடியப்புறம் 3 மணிக்குப் பின் முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள் சேர்ந்துவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் நடந்து எண்ண வேண்டும். படம் எடுக்கவும் கூடாது, ஆளை எழுப்பவும் கூடாது. இடம், ஆணா பெண்ணா, உத்தேச வயது, மேலே கூரை உண்டா, பக்கத்தில் மூட்டை உண்டா. இந்த ஐந்தும் போதும். மழை இரவொன்று, மழையில்லாத இரவொன்று என்று இரண்டு தடவை எண்ணாவிட்டால் ஐப்பசியில் எடுத்த கணக்கை வைகாசிக் கணக்கோடு ஒப்பிட முடியாது.

கணக்கு பெரும்பாலும் தவறுவது ஆஸ்பத்திரி வாசலில். வடக்கு மாகாணத்துக்கு ஒரே போதனா வைத்தியசாலை இது. முல்லைத்தீவு, கிளிநொச்சியிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள், குறிகட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்ட நெடுந்தீவுக்காரர், எல்லாரும் அங்கேதான் படுப்பார்கள். அவர்கள் கையில் கிளினிக் கொப்பியோ, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அடுக்குச் சட்டியோ இருக்கும். அவர்களுக்கு வீடுண்டு, இரவுத் தங்குமிடம்தான் இல்லை. அது வேறு நிரல்.

ஆவணிமழை:
உந்த எண்ணிக்கையில் பொம்பிளையள் விடுபட்டுப் போவினம். தனிச்ச பொம்பிளை வெளிச்சத்தில் படுக்கமாட்டா. வார்ட்டுக்கு வெளியில் துணைக்கு வந்தவ மாதிரி வாங்கில் இருந்தபடியே விடியவைப்பா, இல்லாட்டி ஒவ்வொரு கிழமை ஒவ்வொரு சொந்தக்காரர் வீடு. பகலில் கோயில் மடப்பள்ளியடியிலும் ஒருக்கா விசாரிக்கவேணும்.

கச்சேரியடி:
கைதடியைப் பற்றிச் சொன்ன கொட்டடியானுக்கு: அது முதியோருக்கான இல்லம். நாற்பது வயதில் குடியாலோ மனநோயாலோ வீட்டை விட்டு வந்தவரை அங்கே சேர்க்க முடியாது. முதியவரென்றாலும் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட இயலாது. கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும், பிறகு பிரதேச செயலகத்துச் சமூகசேவை அலுவலர் பார்க்க வேண்டும். முதற்படியிலேயே தடக்குது. மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். பஸ் நிலையத்தில் படுப்பவர் எந்தப் பிரிவின் வதிவாளர்? "என்ரை பிரிவு ஆள் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரும் அதையே சொல்வார்.

முதலில் அடையாள அட்டை. தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய விண்ணப்பம் தேவை. பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். கடைசியாக வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த பிரிவைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடியும், அந்தக் கிராம அலுவலர் மறுப்பது கடினம். 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வீட்டுக்கு வீடு போய் மதிப்பிட்ட திட்டம். வீடே இல்லாதவரிடம் மதிப்பீட்டாளர் எந்தக் கதவைத் தட்டுவார்? பிள்ளைகள் இருந்தும் கைவிட்டிருந்தால் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி 60 வயதானவர் பராமரிப்புச் சபையில் மாதப் பணம் கேட்கலாம்.

கொட்டடியான்:
இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் நடைபாதையில் சனம் எப்பிடிப் போறது? பொலிஸுக்குச் சட்டம் இருக்குத்தானே.

கச்சேரியடி:
இருக்கிறது, 1841ஆம் ஆண்டுச் சட்டம். பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல், உரிமையாளர் அனுமதியின்றி விறாந்தையிலும் கொட்டிலிலும் படுப்பவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் தண்டம் அல்லது சில நாள் மறியல். வெளியே வந்தவர் அதே கூரைக்கே திரும்புவார், ஆனால் மூட்டையும் அதற்குள் வைத்திருந்த அடையாள அட்டையும் போயிருக்கும். நான் மேலே எழுதிய படிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கொட்டடியான்:
அடையாள அட்டை துலையிற கதையை நான் யோசிக்கேல்லை, ஒப்புக்கொள்ளுறன். ஆனால் நடைபாதை நடக்கிறதுக்குத்தான் எண்டதில் நான் மாறமாட்டன். ஒரு இடம் குடுத்திட்டு எழுப்பட்டும்.

ஆவணிமழை:
அந்த இடம் நகரத்துக்குள்ளேயே இருக்கவேணும் அண்ணை. ஊருக்கு வெளியில் வைச்சால் விடியக் கூலிவேலைக்கும் சந்தைக்கும் வர பஸ் காசில்லாமல் ரெண்டாம் நாளே திரும்பி வந்திடுவினம். இரவில் பூட்டாத கக்கூசு ஒண்டு, மூட்டை வைச்சுப் பூட்டப் பெட்டி, பொம்பிளையளுக்குப் புறம்பான வாசல், ஒரு காவலாளி. ஐப்பசி மழைக்கு முன்னம் இவ்வளவும் வேணும்.

பதிவேடு:
எத்தனை பெட்டி என்று கேட்டால் மாநகரசபையில் என்ன சொல்வீர்கள்? முதலில் எண்ணுங்கள். ஆஸ்பத்திரிச் சுற்றுக்கு ஒருவர் குறைகிறார்.

கொட்டடியான்:
அதுக்கு நான் வாறன்.