கேரட் துண்டு போதுமாம்! சுவர்க்கோழி நாலு நாள்ல சாகறது ஏன்னு இப்பத்தான் புரியுது

ஓணான்வீடு:
நேத்து வேற ஒரு இழையில ஒருத்தர் எழுதியிருந்தார்: "சுவர்க்கோழிக்குத் தண்ணியே வைக்க வேண்டாம், ஒரு கேரட் துண்டு போதும், என் பெட்டியில ரெண்டு மாசம் உயிரோட இருக்கு." படிச்சதுல இருந்து மனசு ஆறல. புதுசா தாடி ஓணான் வாங்கி, அதுக்குத் தீனியா சுவர்க்கோழியைப் பெட்டியில வச்சிருக்கறவங்க இதை நம்பி நூறு பூச்சியைப் பெட்டியில கொட்டுவாங்க, நாலாம் நாள் பாதியை அள்ளி வெளிய போடுவாங்க. கேரட்ல 100க்கு 88 பங்கு தண்ணிதான், நான் மறுக்கல. ஆனா 30 டிகிரி சூட்டுல, வலை மூடி போட்ட பெட்டியில, அது விடியறதுக்குள்ள வத்தலாயிடும். அப்புறம் அதுங்க ஈரத்துக்கு எங்க போகும்? தோல் உரிச்சுட்டு வெள்ளையா, மெத்துனு கிடக்கிற இன்னொரு பூச்சிமேலதான் பாயும். காலையில காலும் சிறகுமா கிடக்கறது அதனாலதான்.

செதில்07:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். ஆறு வருஷமா லெப்பர்ட் கெக்கோ பல்லி வளர்க்கிறேன், கேரட்டைத் தவிர வேற எதுவும் வச்சதில்ல. உங்களை மாதிரி தண்ணிக்குப் பதிலா ஈரம் பிடிச்சு வைக்கிற ஜெல் வைக்கிறவங்க பெட்டியைத் திறந்தா மூக்கைப் பொத்திக்கணும். ஈரம் தேங்கும், எச்சம் ஊறும், அமோனியா கிளம்பும். பூச்சி தாகத்துல சாகறதைவிட அதுல சாகறதுதான் ஜாஸ்தி.

ஓணான்வீடு:
அமோனியா பத்தி யார் கேட்டா? எச்சத்தை வாரம் ரெண்டு தடவை தட்டிக் கொட்டினா அமோனியா எங்க வரும்? பூச்சி ஏறி ஒளிஞ்சுக்கற முட்டை அட்டையை நிக்க வச்சா எச்சம் தானா கீழ விழும், அட்டையைத் தூக்கிட்டு அடியை மட்டும் துடைச்சா வேலை முடிஞ்சது. கேள்வி கேரட் பத்தி. அதுக்குப் பதில் சொல்லுங்க.

மழைத்தவளை:
ஒரு சந்தேகம். "ரெண்டு மாசம்"ங்கறது எப்பல இருந்து கணக்கு? முட்டையில இருந்து வந்த குஞ்சு சிறகு முளைச்சுப் பெருசாகவே ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும். சிறகு வந்தப்புறம் அதோட ஆயுசே சில வாரம்தான். குஞ்சா வாங்கினா யார் வளர்த்தாலும் ரெண்டு மாசம் வரும், சிறகோட வாங்கினா யார் வளர்த்தாலும் வராது. முதல்ல அதைப் பேசிட்டு மத்ததுக்குப் போகலாமே?

செதில்07:
கேரட்டைத் தினமும் மாத்தணும்னு நான் எழுதினதை இவர் வேணும்னே விட்டுட்டார்.

ஓணான்வீடு:
நீங்க எழுதவே இல்ல. இப்பப் போய்ச் சேர்க்கறீங்க. "ஒரு துண்டு போதும்"னுதான் இருந்துச்சு, நான் படம் எடுத்து வச்சிருக்கேன். போன தடவை மாவுப்புழு விவாதத்துலயும் இதே வேலைதான் பண்ணீங்க: ராத்திரியோட ராத்திரியா பதிவைத் திருத்திட்டு, மறுநாள் என்னைப் பொய்யன் ஆக்கினீங்க. நான் மறக்கல.

செதில்07:
தம்பி, அந்த மாவுப்புழு கதை இன்னும் ஓடுதா?

ஓணான்வீடு:
தம்பின்னு கூப்பிடாதீங்க. உங்களுக்கு முன்னாடியே பூச்சி வளர்க்க ஆரம்பிச்சவன் நான்.

வாலறுந்தபல்லி:
ரெண்டு பேரும் பொறுங்க. தலைப்புல "சுவர்க்கோழி"ன்னு இருக்கு, கடையில "சிள்வண்டு"ன்னு கேட்டாத்தான் தர்றாங்க. சிள்வண்டு மரத்துல உக்காந்து கத்துறது, அது சிக்காடா, மரச்சாறு உறிஞ்சற பூச்சி. இது சுவர் இடுக்குல இருந்துட்டு ரெண்டு முன்சிறகையும் உரசிச் சத்தம் போடறது. பேரையே மாத்திச் சொல்றவங்க வளர்ப்பு முறை பேசறது எனக்கு வேதனையா இருக்கு.

செதில்07:
நான் கிரிக்கெட்னுதான் சொல்றேன், எல்லாருக்கும் புரியுது.

வாலறுந்தபல்லி:
தமிழ்ல பேர் இருக்கும்போது ஏன் சொல்லக் கூடாதுங்கறதுதான் என் கேள்வி.

ஓணான்வீடு:
பேரை அப்புறம் பாக்கலாம். கேரட் ராத்திரியில வத்துமா, வத்தாதா?

மஞ்சள்செதில்:
என் அனுபவத்தைச் சொல்றேன். அகலமான தட்டுல தண்ணி வச்சா குஞ்செல்லாம் விழுந்து மூழ்கும். ஸ்பாஞ்ச் வச்சா ரெண்டே நாள்ல நாறும். ஜெல்லைச் சின்ன மூடியில, பெட்டியோட குளிர்ந்த மூலையில வச்சா பிரச்சினை இல்ல. பெட்டியை 30 டிகிரியில வைக்கறது வேகமா வளர்க்கணும்னாத்தான் வேணும். தீனிக்கு மட்டும்னா 21, 22 போதும், மெதுவா வளரும், மெதுவாத்தான் கிழடாகும். இன்னொண்ணு: பல்லிக்குச் சத்து ஏறணும்னு கால்சியம் கலந்த தீனியை எப்பவும் போட்டுட்டே இருந்தா பூச்சியே செத்துடும். ஊட்டறதுக்கு முன்னாடி 24ல இருந்து 48 மணி நேரம் அதைக் கொடுத்தாப் போதும். மத்த நாள் சாதாரணத் தீனி.

செதில்07:
பாத்தீங்களா, குளிர்ந்த மூலையாம். சூடு குறைஞ்சா கேரட்டும் வத்தாது. அவரே எனக்கு சாட்சி.

மஞ்சள்செதில்:
நான் ஜெல்லைத்தான் சொன்னேன்.

ஓணான்வீடு:
அவர் ஜெல்லுனு தெளிவா எழுதியிருக்கார், இவர் கண்ணுக்குக் கேரட்டா தெரியுது. இந்தப் பிடிவாதத்துலதான் எனக்கு வயிறு எரியுது. ஒரு கேரட்டுக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேப்பாங்க. சொல்றேன். என் முதல் ஓணானுக்கு நான் தாகத்துல வாடின பூச்சியையே மாசக்கணக்கா கொடுத்தேன். பூச்சி உயிரோட இருந்தாப் போதும்னு நெனச்சேன். சுவர்க்கோழியில கால்சியத்தைவிட பாஸ்பரஸ்தான் பல மடங்கு. வயித்துல நல்ல தீனி இல்லாத பூச்சியை, கால்சியம் பொடியும் தூவாம கொடுத்தா ஓணானோட எலும்பு இளகிடும். தாடை ரப்பர் மாதிரி வளைஞ்சதை நான் கையில பிடிச்சுப் பாத்திருக்கேன். பூச்சியைக் கவனிக்கறது பூச்சிக்காக மட்டும் இல்லீங்க.

செதில்07:
அது வருத்தந்தான். ஆனா அதுக்கும் கேரட்டுக்கும் என்ன சம்பந்தம்? பொடி தூவாதது உங்க தப்பு. அதோட, உங்க பெட்டியில கூட்டமா சாகுதுன்னா வைரஸா இருக்கும். சுவர்க்கோழியைக் கொல்ற டென்சோவைரஸ் ஐரோப்பாவுல 1977லயே கண்டுபிடிச்சது, 2009, 2010ல வட அமெரிக்காவுல பண்ணை பண்ணையா அழிச்சுது. பூச்சி மல்லாந்து காலை உதறும். அதுக்கும் கேரட்தான் காரணமா?

ஓணான்வீடு:
என் பெட்டியில கூட்டமா சாகுதுன்னு நான் எங்க சொன்னேன்? சாகறது உங்களை நம்பினவங்க பெட்டியில! வைரஸை நடுவுல இழுத்துக் கேரட்டை மறைக்காதீங்க.

மழைத்தவளை:
ரெண்டு மாசம் எப்பல இருந்துன்னு இன்னும் யாரும் சொல்லல.

வாலறுந்தபல்லி:
"கூட்டமா சாகுது"ங்கறாங்க. எது சாகுது, சுவர்க்கோழியா, பட்டைச் சுவர்க்கோழியா? வைரஸுக்கு அப்புறம் நிறைய பண்ணைக்காரங்க பட்டை போட்டதுக்கு மாறிட்டாங்க, அது ரொம்பத் தாவும், ஆனா அந்த வைரஸைத் தாங்கும். பேர் தெளிவா இருந்தா இந்தக் குழப்பமே வராது.

ஓணான்வீடு:
எந்தச் சுவர்க்கோழியா இருந்தாலும் தாகம் ஒண்ணுதான். செதில்07, ஒரே கேள்வி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ராத்திரி போட்ட துண்டு காலையில எப்படி இருந்துச்சு?

செதில்07:
ஈரமாத்தான் இருந்துச்சு.

ஓணான்வீடு:
மேலயா, அடியிலயா? அடியில ஈரமா இருந்தா அது எச்சத்துல ஒட்டின பக்கம், அங்கதான் பூஞ்சை வரும். இன்னைக்கு ராத்திரி ஒரு துண்டு வைங்க, காலையில ரெண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்க.

செதில்07:
உங்களுக்காக நான் ஏன் எடுக்கணும்? நீங்க முதல்ல அந்த ஜெல் பெட்டியோட அடியைக் காட்டுங்க.