மருந்தைப் பாதியில் விட்டவர்கள்: கிராமத்தில் நீங்கள் பார்த்தது

களப்பணியாளர், புதுக்கோட்டை பக்கம்
மாத்திரை கொடுக்கும் மனநல முகாமுக்கு வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் போவது என் வேலை. மனச்சிதைவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, காதில் குரல் கேட்பது அடங்கி நூறு நாள் வேலைக்குக்கூடப் போக ஆரம்பித்திருந்தான். திடீரென்று ஆளைக் காணோம். வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். அட்டை அட்டையாகப் பிரிக்காத ரிஸ்பெரிடோன். "அவனுக்குத்தான் நல்லாயிடுச்சே, சும்மா எதுக்கு மருந்தைத் திங்கணும்?" என்றார். உள்ளே அவன் சுவரைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அம்மாவின் காதில் விழுந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

தம்பிக்காரன்
அம்மாவைக் குறை சொல்வது போல இருக்கிறது. எங்கள் அண்ணனுக்கு முகாமில் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகியது, நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. தெருவே கூடிவிட்டது. சாமி இறங்கியிருக்கிறது என்று பெரியப்பா விபூதியோடு நிற்கிறார். பெரியாஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. பக்கவிளைவாம். இப்படி ஆகலாம் என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அண்ணன் அதோடு முகாம் பக்கமே வருவதில்லை.

கிராமச் செவிலியர்
தம்பி, சொல்லாதது தப்புதான். ஆனால் முகாமில் ஒரே டாக்டர், வெளியே நீள வரிசை. யாருக்கு என்ன சொன்னோம் என்பதே நிற்காது. என் பகுதியில் ஓர் அக்காவை வருஷக்கணக்கில் தர்காவில் விட்டிருந்தார்கள். ஊர் திரும்பியபோது கணுக்காலைச் சுற்றிச் சங்கிலித் தழும்பு. 2001-இல் ஏர்வாடி தர்கா பக்கம் மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிச் செத்த பிறகும் இது நடந்தது.

2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. அதற்காகக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதே என்று குடும்பத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள், கண்டுபிடித்தால் அப்புறம் சோற்றையே நம்ப மாட்டார்கள். கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். மனநிலை ஏறி இறங்குவதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது. முகாம் நாளில் நடவு வந்தால் கூலியை விட்டு யார் வருவார்கள்? முன்கூட்டியே சொல்லி, வீட்டில் வேறு யாராவது மருந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனநோயும் சேரும், பலருக்குத் தெரியாது. அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை.

தம்பிக்காரன்
நன்றி அக்கா. அந்த நம்பரில் அண்ணன் பேச மாட்டார். வீட்டு ஆள் நான் பேசினால் போதுமா? கழுத்து இழுத்த கதையை முதலில் அந்த டாக்டரிடம் சொல்லி, மருந்தை மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும்.

களப்பணியாளர், புதுக்கோட்டை பக்கம்
போதும் தம்பி, வீட்டார் தாராளமாகப் பேசலாம். மருந்தை மாற்ற டாக்டர் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். ஊசி போட்ட சீட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள், அதில் மருந்தின் பெயர் இருக்கும்.