மறு: மாநகராட்சிக்கு நம் கோரிக்கைப் பட்டியல் – முதலில் வரத்துக்கால், ஆர்ச் அப்புறம்

அன்புள்ள ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி மாநகராட்சியிடம் நம் ஊருக்கு என்ன கேட்பது என்று மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த மடல் இழையை நேற்றிரவுதான் முழுதாக உட்கார்ந்து படித்தேன். பொருளாளர் அண்ணன் தொகுத்த பட்டியலில் இதுவரை 31 கோரிக்கைகள். நுழைவு ஆர்ச்சுக்கு மட்டும் ஏழு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். துபாய்த் தம்பி விமான நிலையம் கேட்கிறார். செட்டிநாட்டில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் கிடப்பதால் அவர் ஆசையில் தப்பில்லை. ஊருணி பத்தொன்பதாவது இடத்தில் வருகிறது. அதுவும் "ஊருணியைச் சுற்றி நடைபாதை, அலங்கார விளக்கு, படகு" என்று. ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், அதைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் என்ன ஆனது என்பது 31-இல் ஒன்றிலும் இல்லை. அதைத்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1928-இல் நகராட்சியான காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. பழைய நகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து ஆறாயிரம் சொச்சம் பேர். இப்போது கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் உள்ளே வந்துவிட்டன, நம்முடையது உட்பட. இத்தனை ஊருக்கும் சேர்த்து என்றைக்கு இருந்தாலும் ஒரு முழுமைத் திட்டம் வந்தாக வேண்டும். அப்போது நாம் எதை முதலில் கேட்பது என்பதுதான் கேள்வி.

முழுமைத் திட்டம் என்பது வேலைப் பட்டியல் இல்லை. எந்த நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது, சாலை எந்தக் கோட்டில் போகும் என்று சொல்லும் ஒரு படம், அதற்கான விதிகள், அவ்வளவுதான். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபம், ஆலோசனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். ஆர்ச், நீச்சல் குளம், எல்இடி விளக்கு எல்லாம் கவுன்சிலரிடமும் மேயரிடமும் பட்ஜெட் நேரத்தில் கேட்க வேண்டியவை. அந்தக் கணக்கில் நம் 31-இல் பாதிக்கு மேல் தவறான கதவைத் தட்டுகின்றன.

சிங்கப்பூரை உதாரணம் காட்டினால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். ஆனாலும் பதினேழு வருடமாக இங்கே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். நம் சட்டத்தின் பெயரில் இருக்கும் அதே 1971-இல்தான் இங்கே முதல் நீண்டகாலத் திட்டப் படத்தை வரைந்தார்கள். தீவின் நடுவில் நீர்ப்பிடிப்புக் காடு, அதைச் சுற்றி வளையமாகப் புதிய நகரங்கள். அதே படத்தில் ரயில் பாதைகளையும் போட்டுவைத்தார்கள். முதல் ரயில் ஓடியது 1987-இல். காசு பதினாறு வருடம் கழித்து வரலாம், ஆனால் கோடு முதல் நாளே விழுந்துவிட்டது. (அவர்கள் நிலத்தைக் கையகப்படுத்திய வேகத்தில் நம்மூரில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அது வேறு கதை.)

அதனால் என் கணக்கு சின்னது. பிறகு செய்துகொள்ளக்கூடியது எது, ஒருமுறை போனால் திரும்ப வராதது எது? பைப் பிறகு போடலாம், தெருவிளக்கு பிறகு வரும், ஆர்ச் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். மேலே வீடு கட்டிவிட்டால் வரத்துக்கால் போனதுதான்.

போன கார்த்திகையில் கல்யாணத்துக்கு வந்தபோது, அந்தக் காலத்தில் ஊருணிக் காவல் பார்த்த பெரியவரோடு ஒரு நாள் காலையில் நடந்தேன். உங்களில் பாதிப் பேர், படியில் கால் நனைத்ததற்காக அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அவர் கையில் கைத்தடி, என் கையில் போன். கிழக்கே செம்மண் பொட்டலில் தொடங்கினோம். நம் ஊரில் ஆறு கிடையாது. கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிக்க என்று பிரித்துவைத்துப் பிழைத்த ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலில் விழும் மழை சரிவில் வழிந்து, ஓர் ஆள் அகலமுள்ள வாய்க்காலில் சேர்ந்து, சாலையின் அடியில் சின்னக் குழாய்ப் பாலத்தில் நுழைந்து, கல்மடை வழியாக ஊருணியில் விழ வேண்டும். பெரியவர் தரையைப் பார்க்கவே இல்லை. "இங்கன ஒரு வளைவு, அந்தா பனைமரத்துக்கிட்ட ஒரு வளைவு" என்று தடியால் காட்டிக்கொண்டே போனார்.

மூன்றாவது வளைவில் வாய்க்கால் இல்லை. ஜேசிபி விட்டுத் தரையைச் சமப்படுத்தி, மஞ்சள் வெள்ளைக் கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, ஏதோ ஒரு "நகர்" என்று போர்டு. வாய்க்கால் இருந்த இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தார்ச்சாலை. அடியில் ஒரு சிமெண்ட் குழாய்கூட வைக்கவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்து மறுபக்கம் போய், "இங்கன திரும்ப ஆரம்பிக்குது" என்றார்.

அன்று இரவே நல்ல மழை. மறுநாள் காலையில் மேலத் தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஊருணியிலோ பதினோரு படி வெளியே தெரிந்தது.

இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அந்த "நகர்" மனைப்பிரிவில் நாலாவது வரிசையில் இரண்டு மனை என் மாமனார் பெயரில் இருக்கிறது. வாங்கச் சொன்னதே நான்தான். நம் குழுவில் இன்னும் சிலருக்கும் அங்கே மனை இருக்கிறது. யார் என்று எழுதப் போவதில்லை. அங்கீகாரமில்லாத மனைகளை 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவு செய்திருந்தால் வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று 2017-இல் திட்டம் வந்தபோது, நானே வரிசையில் நிற்காத குறையாக ஓடியவன். அதனால் "யாரோ ஆக்கிரமித்துவிட்டார்கள்" என்ற தொனியில் மனு எழுதினால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சிங்கப்பூர் திரும்பியதும் வாய்க்கால் போகும் நிலங்களின் புல எண்களுக்குரிய புலப்படங்களை (நில அளவைப் படங்களை) எடுத்துப் பார்த்தேன். வாய்க்காலின் ஏறக்குறைய பாதி ஓடைப் புறம்போக்காக, அதாவது ஓடைக்கான அரசு நிலமாக, தெளிவாக இருக்கிறது. மீதி பட்டா நிலத்தின் வழியாகப் போகிறது, அங்கே படத்தில் கோடே இல்லை. அந்தக் காலத்தில் நிலத்துக்காரர் தண்ணீரை விட்டார், தண்ணீர் போனது. எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு அந்தப் பாதிக்கு ஆதாரம் பெரியவரின் கைத்தடி மட்டும்தான். முழுமைத் திட்டப் படம் வரைகிறவர் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். கோடையில் எடுத்த படம் என்றால் நம் வரத்துக்கால் ஒற்றையடிப் பாதை மாதிரி தெரியும், பொட்டல் வெறும் தரிசாகத் தெரியும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த சட்டமும் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்குத்தான், ஊருணி அதற்குள் வராது.

"பட்டா நிலத்தில் போகும் பாதியை அரசு ஒதுக்கச் சொல்லலாமே" என்று போன வாரம் கோலாலம்பூர் அண்ணன் கேட்டிருந்தார். கேட்கலாம் அண்ணே. ஆனால் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. திட்டத்தில் பொதுக் காரியத்துக்கு என்று தனியார் நிலத்தை ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வந்த மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்காவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகிவிடும். பார்க், ஸ்டேடியம், பேருந்து நிலையம் என்று ஆசைப்பட்டதற்கெல்லாம் தனியார் நிலத்தில் வண்ணம் அடித்தால் மூன்று வருடத்தில் எல்லாம் வெளுத்துவிடும். அதில் நம் வாய்க்காலும் சேர்ந்து போகும்.

எனக்குத் தோன்றும் வழி வேறு. 3,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் (மனைப்பிரிவு) போட்டால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. வழக்கமாக அதை எதற்கும் ஆகாத மூலையில் கொடுத்துவிடுவார்கள், கருவை முளைத்துக் கிடக்கும். அந்தப் பத்து சதவீதத்தை வரத்துக்கால் ஓரமாகவே கொடுக்க வேண்டும் என்று முழுமைத் திட்டத்தின் விதியிலேயே எழுதச் சொல்வோம். அரசுக்குச் செலவில்லை. மனை போடுகிறவருக்கும் விற்கிற மனை குறையாது. இனி வரும் லேஅவுட்டுக்காவது உதவும். ஏற்கெனவே போட்ட என் மாமனார் மனை வகையறாவுக்குச் சாலையின் அடியில் குழாய் பதிப்பதுதான் வழி, அதற்கு மனைக்காரர்கள் நாங்களே காசு போட வேண்டும். என் பங்கு தயார்.

பொட்டலைப் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயம். நகரம் பெரிதானால் குப்பைக் கிடங்குக்கு இடம் வேண்டும், கழிவுநீர் சுத்திகரிப்புக்கு இடம் வேண்டும், பஸ் டெப்போவுக்கு வேண்டும். படத்தில் "தரிசு" என்று எழுதிய இடத்தில்தான் எல்லோருக்கும் கண் போகும். நம் ஊருணிக்குத் தண்ணீர் தருவதே அந்தத் தரிசுதான். "எங்கள் ஊரில் குப்பை வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எல்லா ஊரும் அதையேதான் எழுதும். பொட்டலை நீர்ப்பிடிப்பு என்று குறிக்கச் சொல்லி, குப்பைக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் எந்த இடம் பொருந்தும் என்று நாமே சொல்வது நல்லது. இதில் சண்டை வரும். வரட்டும்.

சாலையைப் பொறுத்தவரை சுருக்கமாக: ஒவ்வொரு லேஅவுட் சாலையும் அதன் வேலியோடு நின்றுவிடுகிறது. பக்கத்து லேஅவுட்டோடு சேரும் கோடுகளை இப்போதே போட்டுவிட வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பற்றி லண்டன் அக்கா உருக்கமாக எழுதியிருந்தார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் சாவி நம்மிடம்தானே இருக்கிறது அக்கா? நாற்பது பங்காளிகள் ஒரே நாளில் கையெழுத்துப் போடாததற்கு மாநகராட்சி என்ன செய்யும்? தேக்குத் தூணைக் கழற்றி விற்றதும் வெளியூர்க்காரர் இல்லை. அதைத் தனி இழையில் பேசிக்கொள்வோம்.

பட்டியலில் இல்லாத இன்னொன்று. ஊராட்சி போனதோடு கிராமசபையும் போனது, நூறு நாள் வேலையும் போனது. நாம் யாரும் அதை எழுதாததற்குக் காரணம், நம் வீடுகளில் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை என்பதுதான். வருடா வருடம் வரத்துக்காலில் மண் அள்ளி, கருவை வெட்டியது நூறு நாள் வேலை அட்டையில் வேலை பார்த்த பெண்கள்தான். இனி யார் செய்வார்கள்? வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் இதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கேட்டு, அவர்களையே வேலைக்கு வைக்கச் சொல்லலாம். இது முழுமைத் திட்டத்தில் வராது, ஆனாலும் கூடவே கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஊரில் இருக்கிறவர்களிடம் பேசுங்கள். 31 கோரிக்கையில் அங்கிருந்து வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று குடிதண்ணீர், இன்னொன்று பஸ்.

சரி, வேலைக்கு வருவோம். கிழக்குப் பொட்டலிலிருந்து ஊருணி வரை மொத்தம் 23 புல எண்கள். பட்டியலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டால் புலப்படம், அ-பதிவேட்டு (நில விவரப் பதிவேட்டு) நகல் எல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். எடுத்துக்கொள்கிறவர்கள் எண்ணை இந்த இழையிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு பேர் ஒன்றையே எடுக்க வேண்டாம். தங்கள் நிலத்தில் வாய்க்கால் போகிறது என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதினாலும் போதும்.

நான் பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். பெரியவருக்கு எண்பத்து மூன்று வயது, இன்னொரு முறை நடந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் நின்று போனில் இடத்தைக் குறித்து, போட்டோவும் எடுத்துவிடலாம். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறு மணி, ஊருணி மேல்படியில். கருவை முள் நிறைய கிடக்கிறது, செருப்போடு வராமல் ஷூ போட்டு வாருங்கள்.

அன்புடன்,
மேலத் தெரு, கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன்
சிங்கப்பூர்