நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் ஆபத்தா?

கேள்வி:
அம்மாவுக்கு 66 வயது. நெஞ்செரிச்சலுக்காகப் பல வருடமாகத் தினமும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் 40 மி.கி. சாப்பிடுகிறார். சிறுநீரகம் கெடும், எலும்பு உடையும், மறதி நோய் வரும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, நேற்றிலிருந்து அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். இதில் எதை நம்புவது?

பதில் 1:
மாத்திரை எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் பழைய சீட்டில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வீடியோவில் வருபவை பெரும்பாலும் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள். ஏற்கெனவே பல நோய் உள்ளவர்களுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் எழுதப்படுகிறது, அதனால் பழி சுலபமாக இதன்மேல் விழுந்துவிடுகிறது. 2019-ல் வெளியான காம்பஸ் ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பேன்டோப்ரசோலும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் சுமார் 3 வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது: 1.0 சதவீதத்துக்குப் பதில் 1.4.

பதில் 2:
சரி, ஆனால் 3 வருடக் கணக்கை வைத்து 10 வருடத்துக்கு உறுதி சொல்ல முடியாதே. வயிற்றில் அமிலம் குறைந்தால் உணவிலிருந்து வைட்டமின் பி12 பிரிந்து வருவது குறையும். மக்னீசியமும் இறங்கலாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2011-ல் எச்சரித்தது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாதம் மரத்துப்போகிறதா, தசை இழுக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். பி12, மக்னீசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் ரத்தத்தில் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

பதில் 3:
சட்டென்று நிறுத்தியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடக்கி வைத்த அமிலம் சில வாரம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு 8 வாரம் இதே வகை மாத்திரையைக் கொடுத்து நிறுத்திய ஓர் ஆய்வில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் நிறையப் பேர். 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று டாக்டர் சொல்படி இறக்குங்கள். விழுங்கும்போது அடைப்பது, மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சீட்டு கிடைத்தது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார், வயிற்றைப் பாதுகாக்கத்தான் இதுவும் என்று எழுதியிருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் கதையே வேறு. ஆஸ்பிரினால் வரும் ரத்தக்கசிவைத் தடுக்கத்தான் இது, அவர் வயதுக்கு அந்த ஆபத்து வீடியோ சொல்லும் எதையும்விட நிஜமானது. இன்றே அவருடைய டாக்டருக்குப் போன் செய்து, மறுபடி தொடங்கலாமா என்று கேளுங்கள்.