திறப்பைத் திருப்பினால் 'டக்' சத்தம் மட்டும்: ஸ்டார்ட்டர் வயரிங் உதவி

அண்ணமார், 1982 கொரோலா கேஈ70, 4கே என்ஜின். அப்பா ஆசையாக ஓடிய கார். இரண்டு வாரமாகத் திறப்பைத் திருப்பினால் சொலினொய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்ச்) 'டக்' சத்தம் மட்டும்தான், ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது.

பற்றரி புதிது, 12.6 வோல்ட். கார்பன் பிரஷ் மாற்றியாச்சு. வீடு கல்லடியில், கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றில் பச்சை பிடித்துக் கிடந்த எர்த் வயரையும் சுரண்டிப் பூட்டினேன். மாற்றமில்லை.

அப்புறம், கியரை நியூட்ரலில் வைத்து, பற்றரி வயர் வரும் போல்ட்டிலிருந்து சொலினொய்டின் சின்ன டெர்மினலுக்கு ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தேன். உடனே ஸ்டார்ட் ஆகிறது! ஆனால் திறப்பைத் திருப்பும்போது அதே டெர்மினலில் 7 வோல்ட்தான் வருகிறது. இடையில் யாரோ வயரை வெட்டி ஒட்டியும் இருக்கிறார்கள்.

திறப்பு சுவிட்சையே மாற்றுவதா, அல்லது 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டு, அதன் 86ஆம் முனைக்குத் திறப்பு வயர், 85க்கு எர்த், 30க்குப் பற்றரி, 87க்கு சொலினொய்ட் என்று கொடுப்பதா, எது சரி?